மருந்தும் நஞ்சும்: அந்தமான் நிக்கோபார்த் தோட்டங்களில் பயிர்க்காப்பு வரலாறும் அதன் சொற்களும்

1. முன்னுரை

பயிரைத் தின்னும் உயிர்களிடமிருந்து பயிரைக் காத்தல் வேளாண்மையோடு ஒருங்கு தோன்றிய தொழிலாகும். அத்தொழிலின் கருவிகளும் முறைகளும் மாறுந்தோறும் அவற்றைக் குறிக்கும் சொற்களும் மாறி வந்துள்ளன. ஆயினும் எல்லா மாற்றங்களையும் சொற்கள் உடனுக்குடன் பின்பற்றுவதில்லை. பழைய சொல் புதிய பொருளின் மேல் ஏறி அமர்ந்து, அப்பொருளின் இயல்பை மறைத்துவிடுதலும் உண்டு. இதற்குத் தமிழில் கிடைக்கும் மிகத் தெளிவான சான்று 'மருந்து' என்னும் சொல். பூச்சிகளைக் கொல்லும் வேதிப்பொருள் உழவர் பேச்சில் 'மருந்து' எனப்படுகிறது. அதனைத் தெளித்தல் 'மருந்தடித்தல்' ஆகிறது. அதே பொருளை உட்கொண்டு ஒருவர் உயிரிழக்க நேர்ந்தாலும் 'மருந்து குடித்துவிட்டார்' என்றே ஊர் சொல்கிறது. நோய் தீர்ப்பதற்குரிய பெயரே உயிர் போக்குவதற்கும் உரியதாகிவிட்ட இந்நிலை மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் ஆராயத்தக்க பொருளாகும்.

இக்கட்டுரை அந்தமான் நிக்கோபார்த் தீவுகளைக் களமாகக் கொண்டு, வேதி நஞ்சின்றித் தோட்டப் பயிர்களைக் காக்கும் முறைகளின் வரலாற்றையும், அம்முறைகளைச் சொல்லத் தமிழில் வழங்கும் சொற்களின் போக்கையும் இணைத்து நோக்க முற்படுகிறது. இக்களத்தைத் தேர்ந்தமைக்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, தீவுகளில் பயிர்களும் அவற்றின் பகையுயிர்களும் பெரும்பாலும் மனிதரோடு கடல் கடந்து வந்தவை. எனவே அவற்றின் வரவை ஓரளவு காலவரையறை செய்ய இயலும். இரண்டாவது, இத்தீவுகள் பன்மொழிக் களம்; 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 3.8 இலட்சம் மக்களுள் வங்காளியைத் தாய்மொழியாகக் கொண்டோர் 28 விழுக்காட்டினர், இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13 விழுக்காட்டினர். நிக்கோபாரி, மலையாளம் பேசுவோர் முறையே 8, 7 விழுக்காட்டளவில் உள்ளனர். மூன்றாவது, 2021இல் கார் நிக்கோபார், நன்கௌரித் தீவுக்கூட்டம் ஆகியவற்றின் 14,491 எக்டேர் நிலப்பரப்பு, வேதி உள்ளீடற்ற வேளாண்மைப் பரப்பாகச் சான்றளிக்கப்பட்டது. நாட்டில் இத்தகைய பெரும்பரப்புச் சான்று முதலில் கிடைத்தது இத்தீவுகளுக்கே.

2. காவல் என்னும் பழங்கருத்து

2.1. தமிழில் பயிர்க்காப்பு பற்றிய மிகப் பழைய சொற்றொகுதி 'கொல்லுதல்' என்னும் கருத்தைச் சுற்றி அமையவில்லை. 'காத்தல்', 'ஓட்டுதல்' என்னும் கருத்துகளைச் சுற்றியே அமைந்துள்ளது. குறிஞ்சித் திணைப் பாடல்களில் தினைப்புனக் காவல் பெரிதும் பேசப்படுகிறது. பரண் மேலிருந்து கிளியோட்டும் மகளிர் தழல், தட்டை, குளிர் ஆகிய ஒலிக்கருவிகளைக் கையாளுதலைக் கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் காண்கிறோம். கவண்கல் எறிதலும் உண்டு. 'கடிதல்', 'ஓப்புதல்' ஆகிய வினைகள் அங்கு வழங்குகின்றன. இரண்டும் அகற்றுதலைக் குறிப்பன. அழித்தலைக் குறிப்பன அல்ல. இன்று வழங்கும் 'பூச்சிவிரட்டி' என்னும் சொல் அண்மைக் காலத்ததாயினும், அதன் கருத்து இப்பழமரபின் தொடர்ச்சியே எனக் கொள்ளலாம்.

2.2. நிக்கோபார்த் தீவுகள் தமிழர்க்குப் பெயரளவில் அறிமுகமாகி ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, அவன் கடற்படை கொண்ட நிலங்களுள் மாநக்கவாரத்தையும் சேர்த்து, அதன் பொழில்வளத்தைச் சிறப்பிக்கிறது. நக்கவாரம் என்பது நிக்கோபாரே என்பது அறிஞர் பலர் ஒப்பிய கருத்து. அப்பொழில்களின் தலையாய மரம் தென்னை. வியப்புக்குரிய செய்தி யாதெனின், நிக்கோபாரில் நிறைந்திருந்த தென்னை, அண்மையிலுள்ள அந்தமான் கரைகளில் குடியேற்றத்திற்கு முன் அரிதாகவே இருந்தது என்பதாகும். அந்தமானின் தென்னந்தோப்புகள் பெரும்பாலும் 1858இல் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியேற்றம் நிலைபெற்ற பின் நட்டு வளர்க்கப்பட்டவை. (போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது.)

2.3. நிக்கோபாரி மக்களின் தோட்டங்களில் தென்னை, தாழையினத்து மரங்கள், கிழங்குகள், வாழை ஆகியன இடம்பெறுவன. அவர்கள் பன்றி வளர்ப்போர். ஆதலின் தோட்டத்தின் முதற்பகை பூச்சியன்று, தாம் வளர்க்கும் விலங்கே. அதற்குரிய காப்பு வேலியாகும். இங்கும் காப்பு என்பது தடுத்தலே. நிக்கோபாரி மொழிகளின் சொற்களைத் தொகுத்த தெ ரோப்ஸ்டோர்ஃப் (1884), எட்வர்டு ஹோரஸ் மேன் (1889) ஆகியோரின் அகராதிகள், வேதிப்பொருள்கள் வருமுன் இத்தோட்ட வாழ்வு எவ்வாறிருந்தது என அறிய விழையும் மொழியியலார்க்கு இன்றும் பயன்படத்தக்கவை.

3. குடியேற்றமும் குடியேறிய பகைகளும்

3.1. அந்தமானில் குடியேறியோர் பலர்: தண்டனைக் கைதிகள், 1921 கிளர்ச்சிக்குப் பின் மலபாரிலிருந்து அனுப்பப்பட்ட மாப்பிள்ளைகள், 1925இல் பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்கள், சோட்டா நாகபுரியிலிருந்து காட்டு வேலைக்கு வந்தோர், 1949 முதல் குடியமர்த்தப்பட்ட கிழக்கு வங்க ஏதிலியர், தமிழகத்திலிருந்து தொழில் நாடி வந்தோர். 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி உடன்பாட்டின் விளைவாகத் தாயகம் திரும்பிய இலங்கை மலையகத் தமிழர் சிலர் 1970களில் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். ஒவ்வொரு குழுவும் விதையையும் நாற்றையும் தன் மொழியையும் கொண்டுவந்தது.

3.2. உயிரிகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்லுதல் இருமுனைக் கத்தியாகும். 1762இல் வெட்டுக்கிளிகளைக் கட்டுப்படுத்தும் பொருட்டு இந்தியாவிலிருந்து மொரீசியசுக்கு மைனாக்கள் கொண்டுசெல்லப்பட்டன. நாடு விட்டு நாடு கொண்டுசென்று செய்த உயிரியல் கட்டுப்பாட்டின் முன்னோடி நிகழ்ச்சியாக இது குறிக்கப்பெறும். அந்தமானுக்கும் 1860களில் மைனா கொண்டுவரப்பட்டது. இன்று அது அங்குள்ள எல்லாக் குடியிருப்புகளிலும் பெருகியுள்ளது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வேட்டைக்காக விடப்பட்ட புள்ளிமான், கொன்றுண்ணும் விலங்கற்ற காட்டில் பல்கித் தோட்டங்களையும் இளங்காட்டையும் மேய்ந்தது. அதனைக் கட்டுப்படுத்தச் சிறுத்தைகளை விட்டுப் பார்த்த முயற்சி பயனளிக்கவில்லை.

3.3. தோட்டங்களுக்குப் பெருங்கேடு விளைத்தது ஆப்பிரிக்கப் பெருநத்தை. கிழக்கு ஆப்பிரிக்காவுக்குரிய இவ்வுயிர் 1847இல் மொரீசியசிலிருந்து கல்கத்தாவுக்கு வில்லியம் பென்சன் என்னும் நத்தையியலாரால் கொண்டுவரப்பட்டது. அந்தமானுக்கு இது 1942 மார்ச் முதல் 1945 வரை நிலவிய சப்பானிய ஆட்சிக்காலத்தில் வந்ததாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. இரவில் இயங்கும் இந்நத்தை பலநூறு வகைச் செடிகளைத் தின்னக்கூடியது; நாற்றங்காலை ஓரிரவில் வெறுமையாக்கும். ஒரே உயிரில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் அமைந்திருத்தலால் ஒவ்வொன்றும் முட்டையிட வல்லது.

இதற்கெதிராகத் தோட்டக்காரர் கைக்கொள்ளும் முறைகள் எளியவை. ஈரச் சாக்குகளையும் பப்பாளி இலைகளையும் மாலையில் பாத்தியோரம் இட்டு, விடியலில் அவற்றின்கீழ் ஒடுங்கியிருக்கும் நத்தைகளைப் பொறுக்கி உப்புநீரில் இடுதல். பாத்தியைச் சுற்றிச் சாம்பலோ சுண்ணாம்போ தூவித் தடை செய்தல். குப்பைகூளங்களை அகற்றி ஒளிவிடம் இல்லாமற் செய்தல் ஆகியன அவை. மழை பெய்தால் சாம்பல் தடை கரைந்துவிடும். ஆதலின் மீண்டும் மீண்டும் இட வேண்டும். நத்தையை வெறுங்கையால் தொடுதல் ஆகாது. எலியின் நுரையீரற் புழுவைச் சுமக்கும் இந்நத்தையால் மனிதர்க்கு மூளையுறை அழற்சி நேரலாம். போர்ட் பிளேரில் 1978இல் நிறுவப்பெற்ற மத்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்த அறிவியலார், நாற்றங்காலிலிருந்து இந்நத்தையைச் சூழலுக்குக் கேடின்றி விலக்கும் முறை பற்றி 2004இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதியுள்ளனர். விலக்குதல் என்னும் பழங்கருத்து ஆய்வுக்கூடத்தின் வழியாக மீண்டும் தோட்டத்திற்கு வந்துள்ளமையை இது காட்டுகிறது.

பெருநத்தையை ஒழிக்க அதனைத் தின்னும் மற்றொரு நத்தையை விட்ட பசிபிக் தீவுகளின் பட்டறிவு ஈண்டு நினையத்தக்கது. 1955இல் ஹவாயிலும் 1977இல் மூரேயாவிலும் விடப்பட்ட ஊனுண்ணி நத்தை, பெருநத்தையை விடுத்து உள்நாட்டுச் சிறு நத்தைகளைத் தின்றது. மூரேயாவின் தனித்த நத்தையினங்கள் சில ஆண்டுகளில் காட்டில் இல்லாதொழிந்தன. 'இயற்கை முறை' என்னும் பெயர் ஒன்றே தீங்கின்மைக்கு உறுதியாகாது.

3.4. இங்கு ஒரு சொற்சிக்கல் எழுகிறது. நத்தை பூச்சியன்று, மானும் கிளியும் எலியும் பூச்சிகள் அல்ல. ஆங்கிலத்தில் 'பெஸ்ட்' என்னும் ஒரே சொல் இவை அனைத்தையும் அடக்குகிறது. தமிழக வேளாண் நூல்கள் அதற்குப் 'பூச்சி' என்றே பெரும்பாலும் எழுதுகின்றன. ஆகவே நத்தை வரும்போது அச்சொல் இடர்ப்படுகிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதற்குப் 'பீடை' என்னும் சொல் நிலைபெற்றுள்ளது. 'பீடைக் கட்டுப்பாடு', 'பீடைநாசினி' என்பன அங்கு இயல்பான வழக்குகள். கருத்தளவில் இது நிறைவான கலைச்சொல். ஆனால் தமிழகத்தில் 'பீடை' என்பது கெட்டகாலத்தையும் தீயூழையும் குறிப்பது. 'பீடை நீங்கியது' என்னும் தொடரை இலங்கை வேளாண் மாணவரும் தமிழக உழவரும் வேறுவேறாகவே பொருள்கொள்வர். ஒரே மொழியின் இரு வழக்குகளுக்கிடையிலும் மொழிபெயர்ப்பு தேவைப்படும் இடம் இது.

4. நச்சுயிரி காத்த தென்னை

4.1. தென்னையின் பகைகளுள் முதன்மையானது காண்டாமிருக வண்டு. வளர்ந்த வண்டு குருத்தைத் துளைத்துச் சாற்றை உண்ணும். தாக்குண்ட ஓலை விரியும்போது கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல் முக்கோண வடிவில் வெட்டுண்டு தோன்றும். இவ்வண்டு எருக்குழிகளிலும் அழுகும் தென்னந்தண்டுகளிலும் முட்டையிட்டுப் பெருகும். மலையாளத்தார் இதனைக் 'கொம்பன் செல்லி' என்பர். வண்டின் தலைக்கொம்பைக் கண்டு உழவர் இட்ட பெயர் அது. தமிழ் நூல்களில் நிலைத்துள்ள 'காண்டாமிருக வண்டு' என்பதோ ஆங்கிலப் பெயரின் நேர்மொழிபெயர்ப்பாகும். காண்டாமிருகத்தைக் காணாத ஊர்களிலும் இப்பெயர் வழங்குதல் மொழிபெயர்ப்பின் செல்வாக்கைக் காட்டும்.

4.2. பழைய முறைகள் இதற்கும் உள்ளன. கொக்கியுள்ள இரும்புக் கம்பியைக் குருத்துத் துளையுள் செலுத்தி வண்டைக் குத்தியெடுத்தல், வேப்பம்பிண்ணாக்கையும் மணலையும் கலந்து நடுக்குருத்தை அடுத்த ஓலையிடுக்குகளில் இடுதல், விழுந்த தண்டுகளை அகற்றுதல், எருக்குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்குதல் ஆகியன அவை. தோப்பு பெரிதாகுந்தோறும் இவற்றிற்கு வேண்டும் ஆள்வலியும் பெருகும்.

4.3. 1963இல் அலோயிசு ஹூகர் என்னும் செருமானிய அறிவியலார் மலேயாவில் இவ்வண்டின் புழுக்களைத் தாக்கிக் கொல்லும் நச்சுயிரி ஒன்றைக் கண்டறிந்தார். 1967இல் அது மேலைச் சமோவாவில் விடப்பட்டு நற்பயன் அளித்தது. இந்தியாவில் கேரளத்திலும் இலட்சத்தீவுகளிலும் மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தார் இதனைச் சோதித்தனர். அந்தமானில் இதனைப் புகுத்தி நிலைபெறச் செய்த பணியை டி. கே. ஜேக்கப் 1996இல் பன்னாட்டுப் பூச்சியியல் இதழொன்றில் விளக்கியுள்ளார். முறை எளிது. பிடித்த வண்டுகளுக்கு நச்சுயிரி கலந்த உணவை ஊட்டி மீளப் பறக்கவிடுவர். நோயுற்ற வண்டு உடனே இறப்பதில்லை. உண்ணுதலும் முட்டையிடுதலும் குறைந்து, தான் செல்லும் இடமெங்கும் கழிவின் வழியாக நோயைப் பரப்பிப் பின்னர் இறக்கும். வண்டே வண்டினத்திற்கு நோய் கொண்டு செல்லும் தூதாகிறது. மனிதரையோ கால்நடையையோ தேனீயையோ இது தாக்குவதில்லை.

இம்முறை என்றென்றைக்கும் உரியது எனக் கொள்ளுதற்கில்லை. 2007இல் குவாம் தீவில் காணப்பட்ட வண்டுக்கூட்டம் இந்நச்சுயிரிக்கு எளிதில் ஆட்படாத வகையைச் சார்ந்தது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் நிக்கோபார்த் தென்னந்தோப்புகள் பேரழிவுற்றன. அத்தகைய அழிவுக்குப் பின் விழுந்த தண்டுகளை அகற்றும் பழைய பணி எந்நுண்ணுயிராலும் ஈடுசெய்ய முடியாதது.

4.4. பெயர் வரலாறும் நோக்கத்தக்கது. ஹூகர் 1966இல் இதற்கு 'ராப்டியன்வைரசு' என்னும் பேரினப் பெயரிட்டார். பின்னர் இது 'பாக்குலோவைரசு' வகையில் வைக்கப்பட்டது. இப்போது 'நூடிவைரசு' எனப்படுகிறது. பெருநத்தையின் அறிவியற் பெயரிலும் 'அக்கட்டினா' என்பது 'லிசக்கட்டினா' என மாறியுள்ளது. பழைய நூலையும் புதிய நூலையும் ஒருங்கே மொழிபெயர்ப்போர் ஒரே உயிரை இரண்டெனக் கொள்ளும் இடர் இங்குண்டு.

இவற்றினும் ஆழமான சிக்கல் தமிழ்ச் சொல்லில் உள்ளது. 'வைரசு' என்னும் இலத்தீனச் சொல்லின் முதற்பொருள் நஞ்சு. ஆகவே 'நச்சுயிரி', 'நச்சுநுண்மம்' என்னும் தமிழாக்கங்கள் சொற்பிறப்பு வகையில் பொருத்தமானவையே. 2020 பெருந்தொற்றுக் காலத்தில் பரவிய 'தீநுண்மி' என்பதும் அவ்வழிப்பட்டதே. ஆயின் விளைவைக் காண்க: மனிதர்க்குத் தீங்கற்ற உயிரியல் காப்பு தமிழில் 'நச்சு' என்னும் அடையோடு உழவரை அடைகிறது, மனிதர் உயிரைப் போக்கவல்ல வேதிப்பொருள் 'மருந்து' என்னும் பெயரோடு அடைகிறது. பெயரை மட்டும் கேட்டு முடிவெடுக்கும் ஒருவர் எதனை அஞ்ச வேண்டுமோ அதனை நம்புவார். எதனை நம்பலாமோ அதனை அஞ்சுவார்.

5. மருந்து என்னும் போர்வை

5.1. 'மருந்து' தமிழில் அகன்ற பொருட்பரப்புடைய சொல். கைமருந்து நோய் தீர்ப்பது, இடுமருந்து மனத்தை மயக்குவது, வெடிமருந்து அழிப்பது. வினைபுரியும் ஆற்றல் செறிந்த பொருள் என்பதே இவற்றிற்கெல்லாம் பொதுக்கருத்தாகும். பூச்சிமருந்து என்னும் வழக்கு இப்பரப்பினுள் எளிதில் நுழைந்தது. பயிரை நோயாளியாகவும் பூச்சியை நோயாகவும் காணும் உருவகம் அதற்கு வழிசெய்தது.

இப்போக்கு தமிழுக்கு மட்டும் உரியதன்று. மலையாளத்தில் 'மருந்நு' அடிக்கப்படுகிறது. தெலுங்கில் 'புருகு மந்து' எனப்படுகிறது. இந்திப் பேச்சுவழக்கில் 'தவாயி' தெளிக்கப்படுகிறது. திராவிட மொழிகளில் இவ்வழக்கு இனச்சொற்களால் அமைய, இந்தியில் அது அரபுவழிச் சொல்லால் அமைந்தும் பொருள்வளர்ச்சி ஒத்தே நிற்கிறது. எனவே இது பரம்பரையாக வந்த ஒற்றுமை என்பதினும், ஒரே வகைப் பொருள் ஒரே வகை வாணிகத்தின் வழியாக ஊர்களை அடைந்தமையால் எழுந்த வட்டார ஒற்றுமை எனக் கருதுதலே பொருந்தும். அந்தமானில் இம்மொழியினர் அண்டை வீட்டாராக வாழ்கின்றனர். ஒருவர் மொழியிலிருந்து மற்றவர் மொழிக்குப் பெயர்க்கும்போது 'மருந்து' தடையின்றி 'தவாயி' ஆகிறது. மொழிபெயர்ப்பு பிழையற்றதாகத் தோன்றுமளவுக்கு இடர் மறைந்தே நிற்கிறது.

5.2. எழுத்துவழக்கு வேறு பாதையில் சென்றது. இந்தி 'கீட்நாசக்', மலையாளம் 'கீடநாசினி' ஆகியன வடமொழிக் கூறுகளால் 'அழிப்பது' என்னும் பொருள் தருவன. தமிழ் 'பூச்சிகொல்லி' என்பது ஆங்கிலச் சொல்லின் இறுதிக்கூறான 'சைடு' என்பதைக் 'கொல்லி' என ஆக்கிக்கொண்டது. 'உயிர்க்கொல்லி', 'ஆட்கொல்லி' என்னும் முன்வழக்குகள் அதற்குத் துணையாயின. இன்று களைக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி, எலிக்கொல்லி என இவ்வாக்கம் வளர்ந்துள்ளது. 'பூச்சிகொல்லி', 'பூச்சிக்கொல்லி' என இருவடிவமும் அச்சில் காணப்படுகின்றன. இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வல்லினம் இயல்பாதலே பெரும்பான்மை என்னும் விதியை நோக்கின் முன்னதே ஏற்புடையது. பின்னதும் வழக்கில் வேரூன்றிவிட்டது. வடிவம் எதுவாயினும், தன் செயலை மறைக்காது சொல்லும் நேர்மை இச்சொல்லுக்கு உண்டு.

5.3. சட்டம் மூன்றாவது சொல்லைக் கொணர்ந்தது. 1958இல் பாரத்தியான் கலந்த கோதுமை மாவினால் கேரளத்திலும் சென்னை மாநிலத்திலும் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதன் பின்னர் நடந்த ஆய்வுகளின் விளைவாக 1968ஆம் ஆண்டுப் பூச்சிகொல்லிச் சட்டமும் 1971ஆம் ஆண்டு விதிகளும் பிறந்தன. கலத்தின் மேல் சாய்சதுர அமைப்பில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை ஆகிய நிறங்களுள் ஒன்று நஞ்சின் அளவைக் காட்ட வேண்டும். முதலிரண்டிற்கு 'விஷம்', மூன்றாவதற்கு 'அபாயம்', நான்காவதற்கு 'எச்சரிக்கை' என்னும் பொருளுடைய சொற்கள் உரியன. இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றோடு வட்டார மொழி ஒன்றிலோ இரண்டிலோ செய்தி அமைய வேண்டும் என்பது விதி. ஒரே ஊரில் வங்காளியும் தமிழும் தெலுங்கும் மலையாளமும் வழங்கும் தீவுகளில் 'ஒன்று அல்லது இரண்டு' என்னும் வரம்பு யாரேனும் சிலரைச் சொல்லற்றவராக்கும். எழுத்து 'விஷம்' என, கடைக்காரர் 'மருந்து' என, நூல் 'பூச்சிகொல்லி' என ஒரே கலத்திற்கு மூன்று பெயர் வழங்கும்போது, உழவர் செவியில் விழுவது கடைக்காரர் சொல்லே.

6. வேம்பும் விரட்டியும்

6.1. நஞ்சற்ற காப்புமுறைகளுள் உலகறிந்தது வேம்பு. 1959இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் எல்லா மரங்களையும் மொட்டையடித்தபோது வேம்பை மட்டும் விட்டுச் சென்றதைச் செருமானியப் பூச்சியியலார் ஹைன்ரிச் சுமுத்தரர் கண்டார். 1968இல் வேம்பின் விதையிலிருந்து 'அசாடிராக்டின்' பிரித்தெடுக்கப்பட்டது. அப்பெயரின் மூலம் 'ஆசாத் திரக்த்' என்னும் பாரசீகத் தொடர். அதன் பொருள் 'தளையற்ற மரம்' என்பது. ஐரோப்பியர் வேம்பிற்கு வழங்கிய 'மார்கோசா' என்பது கசப்பானது என்னும் பொருளுடைய போர்த்துகீசியச் சொல்லின் வழிவந்தது. கசப்பையே பண்பாகக் கொண்ட மரத்திற்குத் தளையற்ற மரம் என்னும் பெயரும் அமைந்த நிலையில், அதனைத் தளைப்படுத்தும் முயற்சியும் நடந்தது. 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் வேப்பெண்ணெய் கொண்டு பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு அமெரிக்க வேளாண் துறைக்கும் டபிள்யூ. ஆர். கிரேசு நிறுவனத்திற்கும் காப்புரிமை வழங்கியது. மரபறிவைச் சான்றாகக் காட்டித் தொடுத்த எதிர்ப்பின் பேரில் 2000இல் அது நீக்கப்பட்டு, 2005 மேல்முறையீட்டிலும் நீக்கம் உறுதியாயிற்று.

6.2. வேப்பங்கொட்டைச் சாறு பூச்சியை உடனடியாகக் கொல்வதில்லை. இலையைச் சுவையற்றதாக்கி உண்ணுதலைத் தடுக்கிறது. புழு தோலுரித்து வளர்தலைக் குலைக்கிறது. ஐந்து விழுக்காட்டுக் கரைசலுக்கு ஐந்து கிலோ பருப்பை இடித்து நீரில் ஓரிரவு ஊறவைத்து வடித்து, நூறு லிட்டராக்கி, ஒட்டுதற்குச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிப்பர். வெயிலில் அதன் ஆற்றல் விரைந்து குன்றும், மழையில் கழுவப்படும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் அந்தமானில் இது பெருங்குறை. எனவே அங்கே தெளிப்பை மட்டும் நம்பாது, பொறிகளும் கைப்பொறுக்கலும் தோட்டத் தூய்மையும் கலப்புப் பயிரும் முதன்மை பெறுதல் வேண்டும். தமிழகத்து வறள்நிலத்திற்கு எழுதப்பட்ட கையேட்டைத் தீவுகளுக்கு அப்படியே பெயர்த்தல் சொல்லளவில் சரியாயினும் பயனளவில் பிழையாகும்.

6.3. தாவரப் பொருள் என்பதனாலேயே ஒன்று நஞ்சற்றதாகிவிடாது. புகையிலைக் கரைசலிலுள்ள நிகோடின் தோல்வழியே உடலிற் புகவல்ல கொடிய நஞ்சு. அதனையும் 'மூலிகைப் பூச்சிவிரட்டி' எனப் பொதுப்பெயரால் அழைத்தல், 'மருந்து' என்னும் போர்வையை வேறு துணியில் தைப்பதாகும்.

7. சான்றிதழும் சொல்லும்

2021இல் சான்றளிக்கப்பட்ட நிக்கோபார்ப் பரப்பில் வேதி உள்ளீடுகளின் விற்பனைக்கும் பயன்பாட்டிற்கும் நிருவாகம் தடை விதித்திருந்தது. அங்கே சான்றிதழ் புதிதாக எதையும் தோற்றுவிக்கவில்லை. மக்கள் முன்பே நடத்திவந்த வாழ்முறைக்குப் பெயரளித்தது. அதே 2021இல் இலங்கை அரசு வேதி உரங்களையும் பூச்சிகொல்லிகளையும் ஒரே ஆணையால் நாடு முழுவதும் தடைசெய்து, விளைச்சல் வீழ்ச்சியும் உழவர் எதிர்ப்பும் எழவே அவ்வாண்டு இறுதியில் கைவிட்டது. ஒன்று வேரிலிருந்து வளர்ந்தது. மற்றொன்று ஆணையால் நடப்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் தமிழில் எழுதுவோர் வெவ்வேறு சொற்களைக் கையாள நேர்ந்தது. இலங்கையில் 'சேதனப் பசளை', 'சேதன விவசாயம்'. தமிழகத்தில் முன்பு 'அங்கக வேளாண்மை', கோ. நம்மாழ்வார் (1938–2013) போன்றோரின் இயக்கத்தால் பரவிய 'இயற்கை வேளாண்மை', 2023ஆம் ஆண்டுத் தமிழக அரசுக் கொள்கையில் 'உயிர்ம வேளாண்மை'. சான்றளிப்புக்குரிய சட்டநிலைச் சொல்லையும் வாழ்வியற் கொள்கையைக் குறிக்கும் சொல்லையும் ஒன்றாகக் கொள்ளின் பொருள் திரியும். நிக்கோபாரிப் பெரியவரின் தோட்டம் இயற்கை வேளாண்மை சார்ந்தது. அவருக்குக் கிடைத்த தாள் உயிர்ம வேளாண்மை சார்ந்தது எனப் பிரித்துரைத்தல் பொருந்தும்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு.

அ. தமிழரின் பழைய பயிர்க்காப்புச் சொற்கள் காத்தலையும் ஓட்டுதலையும் மையமாகக் கொண்டவை. கொல்லுதலை மையமாகக் கொண்ட சொற்கள் மொழிபெயர்ப்பின் வழியே பிற்காலத்தில் வந்தவை.

ஆ. வேதி நஞ்சினை 'மருந்து' எனல் தென்னிந்திய மொழிகளிலும் இந்தியிலும் பரவிய வட்டார வழக்கு. அறிவுரை ஏடுகள், கலங்களின் மேலொட்டுகள், வானொலி உரைகள் ஆகியவற்றை மொழிபெயர்ப்போர் இவ்வழக்கைத் தவிர்த்து 'நஞ்சு' அல்லது 'பூச்சிகொல்லி' எனல் வேண்டும். பேச்சுவழக்கை மதித்தல் மொழிபெயர்ப்பாளர் கடனே. ஆயினும் உயிர்க்கேடு நேரும் இடத்தில் தெளிவு அதனினும் மேலான கடன்.

இ. நஞ்சற்ற முறைகளை ஒரே பெயரால் அழையாது அவற்றின் செயலால் பிரித்துரைத்தல் நலம்: விலக்குவது விரட்டி, வழிமறிப்பது தடுப்பு, அகப்படுத்துவது பொறி, தின்பது இரைவிழுங்கி, உள்ளிருந்து அழிப்பது ஒட்டுண்ணி, நோயுறுத்துவது நோய்நுண்மம். காண்டாமிருக வண்டைத் தாக்கும் உயிரியை 'நச்சுயிரி' எனத் தனித்து எழுதாமல் 'வண்டுநோய் நுண்மம்' என எழுதின், அது எவ்வுயிர்க்கு நோய் செய்வது என்பது பெயரிலேயே விளங்கும்.

ஈ. பன்மொழித் தீவுகளில் ஒரு மொழியின் மயக்கம் அடுத்த மொழிக்குத் தொற்றும். ஆகவே வேளாண் கலைச்சொற்களை வங்காளி, இந்தி, தமிழ், தெலுங்கு, மலையாளம், நிக்கோபாரி ஆகிய ஆறு மொழிகளிலும் ஒருங்கு வைத்து ஒப்பிட்டுத் தொகுக்கும் சிற்றகராதி ஒன்று தேவை. அதனைத் தொகுப்போர் நூல்வழக்கோடு நில்லாது, கடையிலும் தோப்பிலும் வழங்கும் சொற்களைக் கேட்டுப் பதிதல் வேண்டும். அகராதியில் 'நஞ்சு' என்றிருக்கும் ஒன்றைக் கடையில் 'மருந்து' எனக் கேட்டு வாங்கிச் செல்பவரே அச்சொல்லின் விளைவைத் தாங்குபவர்.